கம்பத்துச் சிறுவன் வரைந்த வரலாறு

பாட நூலுக்குள் படக்கதைப் புத்தகத்தை மறைத்து வைத்துப் படிக்கும் மாணவனைக் கண்டால் ஆசிரியருக்குச் சினம் வருவது இயல்பு. புத்தகம் பறிமுதலாகி மேசை இழுப்பறைக்குள் போய்விடும். பெற்றோருக்கும் செய்தி போகும். படக்கதை படிப்பைக் கெடுக்கும் என்பதும், நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பொம்மை கிறுக்குபவன் உருப்படமாட்டான் என்பதும் நம்மிடையே நெடுநாளாக வேரூன்றிய எண்ணங்கள். இவற்றைச் சற்று நின்று ஆராயுமாறு தூண்டும் வாழ்க்கை ஒன்று நம் நாட்டிலேயே, பேராக் மாநிலத்து மலாய்க் கம்பம் ஒன்றில் தொடங்கியது. 'லாட்' என்னும் ஒற்றைச் சொல்லால் உலகம் அறிந்த டத்தோ முகமட் நோர் காலிட்டின் வாழ்க்கையே அது.

அவ்வரலாற்றுக்குள் புகுமுன் ஆசிரியர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இக்காலப் படக்கதையின் முன்னோடி என்று அறிஞர் பலரும் கொண்டாடுகின்ற ரொடோல்ஃப் டாப்ஃபர் ஒரு பள்ளித் தலைவர். 1799இல் பிறந்து 1846இல் மறைந்த அவர், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் விடுதிப் பள்ளி நடத்தியவர். தம் மாணவர்கள் சிரித்து மகிழவே 1820களில் கோட்டுப் படங்களை வரிசையாக வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஓரிரு வரி எழுதிக் கதை சொன்னார். செர்மானியப் பெருங்கவிஞர் கதே தம் முதுமையில் அப்படங்களைக் கண்டு பாராட்டிய பின்னரே அவை அச்சேறின. ஆகவே, ஆசிரியர்கள் பகையாகக் கருதி வந்த கலை ஓர் ஆசிரியர் கையில் பிறந்தது என்பது தெளிவு. லாட்டின் வாழ்விலும் ஓர் ஆசிரியைக்கு உரிய இடம் இருப்பதைப் பின்னர்க் காண்போம்.

நமக்கும் இக்கலை முற்றிலும் புதிதன்று. பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழ் 1906 முதல் கேலிச் சித்திரங்களை வெளியிட்டது. வாண்டுமாமா என்னும் வி. கிருஷ்ணமூர்த்தி தமிழ்ச் சிறுவர்க்கென்று சித்திரக் கதைகளைப் படைத்தார். சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. மலாய் மொழியில் 1939இல் 'உத்துசான் சமான்' என்னும் சிங்கப்பூர் வார இதழில் 'வாக் கெத்தோக்' என்ற நகைச்சுவைப் பாத்திரம் தோன்றி மக்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தது. அந்த மலாய் மரபின் வழித்தோன்றலே லாட்.

உருண்டை முகத்துப் பிள்ளை

1951ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாள், பேராக்கின் கோப்பேங் வட்டாரத்தில் உள்ள கோத்தா பாருவில் அவர் பிறந்தார். கிளந்தான் தலைநகராகிய கோத்தா பாரு வேறு. இது ஈயம் விளைந்த கிந்தா மண்ணில் உள்ள சிற்றூர். தந்தை இராணுவத்தில் எழுத்தர். ஊரில் வேடிக்கைப் பேச்சுக்குப் பெயர் போனவர். தாய் இல்லத்தரசி. பிள்ளையின் முகம் உருண்டையாக இருந்ததால் வீட்டார் 'புலாட்' என்று அழைத்தனர். மலாய் மொழியில் புலாட் என்றால் உருண்டை. அச்சொல்லே தேய்ந்து 'லாட்' ஆயிற்று.

காடும் ஆறும் ரப்பர்த் தோட்டமும் ஈயக் குட்டையும் அவருக்கு விளையாட்டுத் திடல்கள். கையில் கிடைத்த பொருளே விளையாட்டுச் சாமான். பெற்றோர் காகிதமும் எழுதுகோலும் வாங்கிக் கொடுத்தனர். படம் வரைகிறான் என்று அடித்துத் தடுக்கவில்லை. ராஜா அம்சா என்ற மலாய்ச் சித்திரக்காரரின் படக்கதைகளில் சிறுவன் மனத்தைப் பறிகொடுத்தான். ஒன்பது வயதிலேயே கையால் வரைந்த படக்கதைகளைப் பள்ளித் தோழர்களுக்கு விற்றுக் கைச்செலவுக்குக் காசு சேர்த்தான் என்பர்.

தந்தையின் பணியிட மாற்றங்களால் பள்ளிகளும் மாறின. பின்னர்க் குடும்பம் ஈப்போ நகரில் குடியேறியது. தொடக்கப் பள்ளியில் அவருக்கு வாய்த்த ஆசிரியை மொய்ரா ஹியூ. மாணவன் படம் கிறுக்குவதை அவர் கண்டார். கண்டவர் தண்டிக்கவில்லை, பாடத்திற்கு வேண்டிய படங்களை வரைந்து தருமாறு அவனையே கேட்டார். அவன் வரைந்த படங்கள் வகுப்பில் பயிற்றுக் கருவிகளாயின. வீட்டில் பொழுதுபோக்காக இருந்தது பள்ளியில் பயன்பொருள் ஆயிற்று. தன் கிறுக்கலுக்கும் மதிப்பு உண்டு என்ற எண்ணம் ஒரு சிறுவன் மனத்தில் விழுந்தது. பிற்காலத்தில் லாட்டின் சித்திரங்களில், வண்ணத்துப்பூச்சி இறக்கை போன்ற கண்ணாடி அணிந்த கண்டிப்பான ஆசிரியை ஒருவர் அடிக்கடி தோன்றுவார். நாடே சிரித்துப் போற்றிய அப்பாத்திரம் அந்த ஆசிரியைக்கு மாணவன் செலுத்திய குருதட்சிணை.

பினாங்கு தந்த முதற் கூலி

லாட்டின் முதற் புத்தகத்தை அச்சிட்ட பெருமை பினாங்கைச் சாரும். 1927இல் சையது ஷேக் அல்-ஹாடி நிறுவிய ஜெலுத்தோங் அச்சகம் முதலாக, மலாய்ப் பதிப்புத் துறையில் பினாங்குக்குத் தனியிடம் உண்டு. அவ்வழியில் வந்த பினாங்குப் பதிப்பகங்களுள் ஒன்று சினாரான் பிரதர்ஸ். திருடனைப் பிடிக்கும் மூன்று நண்பர்களைப் பற்றி வரைந்த படக்கதையை லாட் அப்பதிப்பகத்திற்கு அஞ்சலில் அனுப்பினார். 'தீகா செகாவான்', அதாவது மூன்று தோழர் என்ற பெயரில் அது 1964இல் வெளிவந்தது. ஆசிரியர் வயதில் மூத்தவர் என்றே பதிப்பகத்தார் எண்ணினர். அவருக்கோ வயது 13. கிடைத்த ஊதியம் 25 வெள்ளி. திரைப்பட இதழ்களுக்கு வரைந்த துணுக்குச் சித்திரங்களுக்குப் பணத்தோடு படக்கொட்டகை அனுமதிச் சீட்டும் கூலியாகக் கிடைத்ததாம்.

அக்காலத்தில் அவருக்கு வாய்த்த மற்றொரு வழிகாட்டி ரெஜாப்ஹாட் என்னும் மூத்த சித்திரக்காரர். இராணுவத்தில் பணியாற்றிக்கொண்டே வரைந்தவர் அவர். 15 வயது மகனைக் கவனித்து வழிநடத்துமாறு லாட்டின் தாயார் அவரைக் கேட்டுக்கொண்டார். கடிதங்கள் வாயிலாகவே குருவும் சீடனும் உறவாடினர்.

லாட் ஈப்போவின் ஆண்டர்சன் பள்ளியில் உயர்நிலைக் கல்வி கற்றார். மாணவராக இருக்கும்போதே, 1968இல், 'பெரித்தா மிங்கு' ஞாயிறு இதழில் 'கெலுவார்கா சி மாமாட்' என்னும் குடும்பச் சித்திரத் தொடரைத் தொடங்கினார். வாரந்தோறும் வந்த அத்தொடர் 26 ஆண்டுகள் நீடித்தது. மாமாட் குடும்பத்தோடு சேர்ந்து ஒரு தலைமுறை வாசகரும் வளர்ந்தனர் எனலாம்.

குற்றச் செய்தியாளர்

படிப்பு முடிந்தது. 1970இல் கோலாலம்பூர் சென்று 'பெரித்தா ஹரியான்' நாளிதழில் சித்திரக்காரர் வேலை கேட்டார். அவ்விடம் காலியில்லை, குற்றச் செய்தியாளர் வேலை உண்டு என்றார் புகழ்பெற்ற பத்திரிகையாளர் அப்துல் சமாட் இஸ்மாயில். அப்போது தந்தை கடும் நோயுற்றிருந்தார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு மகன் தோளில் விழுந்திருந்தது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டார். காவல் நிலையமும் நீதிமன்றமும் பிணவறையுமாக அலைந்த காலம் அது. அந்த வேலை தமக்கு ஏற்றதன்று என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் நகரத்து மக்கள் நடையையும் பேச்சையும் அருகிருந்து காண அவ்வேலையே பள்ளிக்கூடமாக அமைந்தது.

திருப்பம் 1974இல் வந்தது. ஹாங்காங்கிலிருந்து வெளிவந்த 'ஏஷியா மேகசின்' என்ற இதழில், மலாய்ச் சிறுவர்க்குச் செய்யும் விருத்தசேதனச் சடங்கைப் பற்றி லாட் வரைந்த 'பெர்சுனாட்' படத்தொகுப்பு வெளியாயிற்று. 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' தலைமை ஆசிரியர் டான்ஸ்ரீ லீ சியூ யீ அதைக் கண்டு வியந்தார். இத்தகையவரை நம் நிறுவனம் எவ்வாறு தவறவிட்டது என்று வருந்தினார். விசாரித்தபோதுதான், அவர் தம் நிறுவனத்திலேயே குற்றச் செய்தி எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தது! அருகில் இருக்கும் திறமையை அயலூர் இதழ் காட்டித் தரவேண்டியிருந்தது. பத்திரிகை அலுவலகத்திற்கு மட்டுமோ இது பொருந்தும்? பள்ளிகளுக்கும் பொருந்தும்.

பின்னர் அந்நிறுவனம் அவரை முழுநேரச் சித்திரக்காரராக்கி, இலண்டனில் உள்ள செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளிக்கு நான்கு மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. ஆங்கிலேயப் பத்திரிகைகளில் அரசியல் தலைவர்களும் கேலிச் சித்திரத்திற்கு விலக்கல்லர் என்பதை அங்கே கண்டார். 1975இல் நாடு திரும்பியதும் 'மலேசிய வாழ்க்கைக் காட்சிகள்' என்று பொருள்படும் தம் ஆங்கிலத் தொடரை விரிவாக்கினார். பிரதமர் உசேன் ஓனை ஒட்டகத்தின்மேல் ஏற்றி வரைந்தார். நாட்டின் தலைவரைச் சித்திரத்தில் பார்த்துச் சிரிப்பது அன்று பழக்கமில்லாத செயல். எனினும் அவர் கோட்டில் நஞ்சு இல்லை. வரையப்பட்டவரும் சேர்ந்து சிரிக்கும்படி வரைந்தார். டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்த 22 ஆண்டுகளிலும் அவரை வரைந்து, அச்சித்திரங்களை 2004இல் தொகுப்பாகவே வெளியிட்டார்.

1969 மே மாதக் கலவரத்தின் வடு ஆறாத காலம் அது. ஓர் இனத்தார் மற்றோர் இனத்தாரைப் பற்றி வாய் திறக்கவே தயங்கினர். அக்காலத்தில் மலாய், சீன, இந்திய, சீக்கிய மக்களின் திருமணங்களையும் பெருநாள்களையும் அங்காடிப் பேச்சையும் ஒரே கையால், ஒரே அன்போடு லாட் வரைந்தார். மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்த நம் தெருப்பேச்சை அப்படியே பாத்திரங்களின் வாயில் வைத்தார். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவன் பிறரைப் பார்த்துச் சிரிப்பதில் பகை இராது என்ற உண்மையை அவர் சித்திரங்கள் உணர்த்தின.

'கம்பத்துச் சிறுவன்'

நிற்க. லாட்டின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது, 1979இல் பெரித்தா பதிப்பகம் வெளியிட்ட 'தி கம்போங் பாய்' என்னும் ஆங்கிலப் படநூல். 'கம்பத்துச் சிறுவன்' என்று நாம் அதைத் தமிழில் கூறலாம். கறுப்பு மைக்கோட்டால் பக்கம் நிறைய வரைந்த படங்கள். கீழே கையெழுத்தில் சில வரிகள். முதல் அச்சில் 60,000 முதல் 70,000 படிகள் வரை வெளிவந்து, நான்கே மாதங்களில் விற்றுத் தீர்ந்தன. பின்னர்ப் பலமுறை மறுபதிப்புக் கண்டது. 2006இல் அமெரிக்கப் பதிப்பும் வெளிவந்தது.

கதை எளியது. மாட் என்ற சிறுவன் கம்பத்தில் பிறக்கிறான், பாட்டியே மருத்துவச்சி. குழந்தைக்கு முடி இறக்கும் சடங்கு நடைபெறுகிறது. பிள்ளை வளர்ந்து குர்ஆன் ஓதக் கற்கிறான். மியோர் உடன்பிறப்புகளோடு ஆற்றில் மீன் பிடிக்கிறான். பத்து வயதில் விருத்தசேதனம் நடக்கிறது. ஈயம் வாரும் கப்பல் பூதம் போல உறுமிக்கொண்டு மண்ணைத் தின்கிறது. அது கழித்துவிட்ட நீரில் சிறுவர்கள் தட்டுக் கொண்டு ஈயமணல் அரிக்கிறார்கள். சட்டப்படி அது குற்றம். ஈயத்தைக் கண்டு தந்தை மகிழ்வார் என்று எண்ணிய மாட்டுக்குக் கிடைப்பது கடுஞ்சினம். படிப்பைக் கைவிட்டுத் திரிகிறாயே என்று தந்தை வருந்துகிறார். குடும்பத்துக்குச் சொந்தமான சிறு ரப்பர் நிலத்தைக் காட்டி, நன்றாகப் படித்தால் உனக்கு எதிர்காலம் உண்டு என்று உணர்த்துகிறார். மாட் படிக்கிறான், தேர்ச்சி பெற்று ஈப்போவில் விடுதியோடு கூடிய பள்ளிக்குச் செல்ல இடம் பெறுகிறான்.

கதை அங்கே முடிந்திருந்தால் அஃது ஒரு நீதிக்கதை மட்டுமே. ஊரை விட்டுப் புறப்படும் வேளையில் வேறொரு செய்தி வருகிறது. ஈய நிறுவனம் கம்பத்து நிலங்களை நோட்டமிடுகிறது. நல்ல விலை வந்தால் நிலத்தை விற்று ஈப்போவில் வீடு வாங்கலாம் என்பது தந்தையின் எண்ணம். படித்து முன்னேறித் திரும்பும்போது, திரும்புவதற்கு ஊரே இராது என்று சிறுவன் உணர்கிறான். மகிழ்ச்சியோடு போக வேண்டிய பயணம் கனத்த நெஞ்சோடு தொடங்குகிறது. கல்வி அவனை உயர்த்துகிறது. அதே காலம் அவன் ஊரைப் பெயர்க்கிறது. இவ்விரண்டையும் ஒரு படநூலில் ஒருசேரக் காட்டியதே லாட்டின் சாதனை.

ஆசிரியர்கள் இதை வரலாற்று நூலாகவும் படிக்கலாம். கூரை வேய்ந்த வீட்டின் படிக்கட்டு, வாசலில் கழற்றி வைத்த செருப்பு, பாட்டியின் வெற்றிலைத் தட்டு, மிதிவண்டியின் பின்னிருக்கை, சடங்கு நாளில் கூடும் உறவினர் அமரும் முறை முதலியவற்றை எந்த அரசாங்க அறிக்கையும் பதிந்து வைப்பதில்லை. ஈயம் எத்தனை டன் ஏற்றுமதியாயிற்று என்பது ஏட்டில் இருக்கும். அந்த ஈயத்தின்மேல் வாழ்ந்த சிறுவன் எப்படிச் சிரித்தான் என்பது லாட்டின் கோட்டில்தான் இருக்கிறது.

1981இல் வந்த 'டவுன் பாய்', அதாவது 'நகரத்துச் சிறுவன்', மாட்டின் ஈப்போ வாழ்வைக் கூறும். அங்கே அவனுக்குக் கிடைக்கும் உற்ற தோழன் பிராங்கி என்னும் சீனச் சிறுவன். அவன் பெற்றோர் காப்பிக்கடை நடத்துபவர்கள். இருவரையும் இணைப்பது இசை. முடிவில் பிராங்கி மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்கிறான். மாட் வழியனுப்பிவிட்டுத் தங்கிவிடுகிறான். தேர்வும் வசதியும் தோழரைப் பிரிக்கும் அந்தத் துயரம் பள்ளி வாழ்க்கையை அறிந்த எவருக்கும் விளங்கும்.

சிறப்பும் மதிப்பும்

1984இல் லாட் பத்திரிகைப் பணியை விட்டுத் தனித்து இயங்கத் தொடங்கினார். ஆயினும் அவர் சித்திரங்கள் நாளிதழில் தொடர்ந்தன. 1994இல் பேராக் சுல்தான் அவருக்கு டத்தோ பட்டம் அளித்தார். கம்பத்துச் சிறுவன் 26 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சி ஓவியப் படமாகியது. அதன் பகுதி ஒன்று 1999இல் பிரான்சு நாட்டு அனெசி ஓவியத் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. 2002இல் சப்பானின் புகுவோகா ஆசியப் பண்பாட்டுப் பரிசு அவரை நாடி வந்தது. இதற்கு முன்னரே, 1997இல், அவர் கோலாலம்பூரை விட்டு ஈப்போவுக்கே குடிபெயர்ந்தார். தம் கலைக்கு ஊற்றான மண்ணின் அருகே வாழ விரும்பினார் போலும்.

அவர் சித்திரம் மிக மென்மையானது, கசப்பான உண்மைகளைத் தொடாமல் செல்கிறது என்று குறை கூறுவார் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். இனமும் சமயமும் எளிதில் தீப்பற்றும் நாட்டில் அவர் தம் எல்லையைத் தாமே வகுத்துக்கொண்டு வரைந்தார். ஆயினும் கம்பத்தை விழுங்க வரும் ஈயக் கப்பலை அவர் மறைக்கவில்லை. வசைமொழி ஒன்றும் இல்லாமலே வாசகரின் கண் பனிக்கிறது. மென்மையும் ஒரு வகை வலிமையே என்பதற்கு அப்பக்கங்கள் சான்று.

தோட்டத்துப் பிள்ளையின் கதை

இனி, நம்மவரை நோக்குவோம். கம்பம் கண்ட மாற்றத்தைத் தோட்டமும் கண்டது. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நம் மக்களை நிலைகுலையச் செய்தது. அதை எதிர்கொள்ளவே 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பின்னர்த் தொழிற்பேட்டைகளும் வீடமைப்புத் திட்டங்களும் நெடுஞ்சாலைகளும் வந்தன. ஜுரு, பிறை, பத்து காவான் எனச் செபராங் பிறையின் பெயர்களைச் சொன்னாலே இது விளங்கும். பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்களில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. சுங்கச்சாவடியில் வாகனங்கள் வரிசை பிடிக்கின்றன. லயத்து வாசல், விடியுமுன் பெரட்டுக்கு அடித்த தப்பு, பால் வாளி, கோயில் திருவிழாவில் போட்ட திரைப்படம், ஒரே அறையில் பல வகுப்பு நடந்த பள்ளி ஆகியவை முதியோர் நினைவில் தங்கியுள்ளன.

நாவலும் சிறுகதையுமாக இவ்வாழ்வைச் சொல்லால் பதிந்த எழுத்தாளர்கள் நம்மிடையே உளர்; அவர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். கோட்டால் பதியும் பணி இன்னும் பெருக வேண்டும். அப்பணியைச் செய்யக்கூடிய கை எந்த வகுப்பில், எந்த வரிசையில் இருக்கிறது என்பதை ஆசிரியரே முதலில் காண முடியும். அவன் நோட்டுப் புத்தக ஓரத்தில் வரைந்திருப்பது தன் பாட்டியின் முகமாக இருக்கலாம்; தான் பிறந்த லயத்தின் கூரையாகவும் இருக்கலாம். அதைக் கிழித்தெறிந்தால் ஒரு நொடியில் மறைந்துவிடும்.

மொய்ரா ஹியூ என்னும் ஆசிரியை செய்தது பெருஞ்செயல் ஒன்றுமன்று. செலவு வைக்கும் திட்டமும் அன்று. கிறுக்கும் சிறுவனைப் பார்த்து, "நாளைப் பாடத்திற்கு எனக்கு ஒரு படம் வரைந்து தா" என்ற பொருளில் கேட்டார், அவ்வளவே. அந்த ஒரு வேண்டுகோளின் பலனை மலேசியா பல்லாண்டுகளாக அனுபவித்து வருகிறது. பறிமுதல் செய்த படக்கதையை இழுப்பறைக்குள் போடுமுன், ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று. அதன் பின்னட்டையில் மாணவனே வரைந்த படம் ஒன்று இருக்கக்கூடும்.